மிருகமும் அந்திக்கிறிஸ்துவும்: பயமில்லாமல், நிதானமாகப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் (சுருக்கமாக ‘வெளி.’) 13-ம் அதிகாரத்தைத் திறக்கிறவர்களில் பெரும்பாலோர் மனதில் ஒரே கேள்விதான் இருக்கும்: அந்த மிருகம் யார்? அதையே முதல் கேள்வியாக வைத்துக்கொண்டால் பதில் எப்போதும் அன்றைய செய்தியிலிருந்துதான் வரும். நெப்போலியன் என்றார்கள், முசோலினி என்றார்கள், ஹிட்லர் என்றார்கள். ஒவ்வொரு பெயரும் சில வருஷம் மேடையில் முழங்கியது, பிறகு மெல்ல மறைந்தது. எங்கள் கடலூர் பக்கத்தில் 2004 சுனாமிக்குப் பிறகும், 2011 தானே புயலுக்குப் பிறகும், கொரோனா காலத்திலும் இதே பேச்சு கிளம்பியது. பயந்தவர்கள் சாதாரண ஜனங்கள். பயமுறுத்தியவர்கள் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.

இந்த வழிகாட்டி அந்தப் பயத்திலிருந்து வெளியே வந்து, வேதம் சொல்கிற வரிசையிலேயே இந்தப் பகுதிகளைப் படிக்க நினைப்பவர்களுக்கானது. நான் லுத்தரன் சபைக்காரன்; ஆனால் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று யாரானாலும் இந்தப் படிகளில் நடக்கலாம். ஒரு பைபிள், ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். கத்தோலிக்கர் வீட்டுத் திருவிவிலியத்தில் இந்தப் புத்தகத்துக்குத் ‘திருவெளிப்பாடு’ என்று பெயர். அந்திக்கிறிஸ்து அங்கே ‘எதிர்க் கிறிஸ்து’. அதிகார எண், வசன எண் இரண்டிலும் ஒன்றுதான்.

முதல் படி: நான்கு பேரையும் ஒரே ஆளாக்காதீர்கள்

நோட்டில் நான்கு பத்தி கோடு போடுங்கள். தலைப்புகள் இவை: தானியேலின் சின்னக் கொம்பு, பவுலின் பாவமனுஷன், யோவான் நிருபங்களின் அந்திக்கிறிஸ்து, வெளிப்படுத்தின விசேஷத்தின் மிருகங்கள்.

அந்திக்கிறிஸ்து என்ற பெயர் வேதம் முழுக்க நான்கே வசனங்களில்தான் வருகிறது: 1 யோவான் 2:18, 2:22, 4:3, பிறகு 2 யோவான் 7. வெளிப்படுத்தின விசேஷத்தில் அந்தப் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. பல வருஷம் பிரசங்கம் கேட்டவர்களுக்கே இது ஆச்சரியமாக இருக்கும். அதனால் நீங்களே எடுத்துப் பாருங்கள், என் வார்த்தையை நம்பி விட்டுவிடாதீர்கள்.

அந்த நான்கு வசனங்களை முதல் பத்திக்கு முன்பாகவே நிதானமாக வாசியுங்கள். "இப்பொழுதும் அநேக அந்திக்கிறிஸ்துகள் இருக்கிறார்கள்" என்கிறார் யோவான். ஒருவனல்ல, அநேகர். பிற்காலத்தில் மட்டுமல்ல, இப்பொழுதும். அடுத்த வசனத்தில் அவர்கள் எங்கிருந்து போனார்கள் என்றும் சொல்கிறார்: "நம்மைவிட்டுப் பிரிந்துபோனார்கள்." சபைக்குள் இருந்தவர்கள்தான். அவர்களை அடையாளம் காணும் சோதனை நிறமோ, நாடோ, எண்ணோ இல்லை. பிதாவையும் குமாரனையும் மறுதலிப்பது, இயேசு மாம்சத்தில் வந்ததை அறிக்கையிடாதது. அரசியல்வாதி யாரும் இந்த வசனங்களில் இல்லை.

பவுல் 2 தெசலோனிக்கேயர் 2-ல் சொல்லுகிற ‘கேட்டின் மகனாகிய பாவமனுஷன்’ வேறு மாதிரி. தேவனுடைய ஆலயத்தில் தேவன்போல உட்காருகிறவன். பவுல் இதை எழுதியதற்குக் காரணம் அதே அதிகாரத்தின் 2-ம் வசனத்தில் இருக்கிறது: கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்ற வதந்தியால் ஜனங்கள் கலங்கக்கூடாது. கலக்கத்தை அடக்க எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு கலக்கம் உண்டாக்குவது பவுலுக்குச் செய்கிற அநியாயம். அங்கே அவனைத் ‘தடைசெய்கிறவன்’ ஒருவனைப் பற்றியும் பேச்சு வருகிறது. அது ரோம அரசு என்று ஆதிச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் நினைத்தார். பெரிய வேத அறிஞரான அகுஸ்தீனாரோ, பவுல் என்ன சொன்னார் என்று தனக்குத் தெரியவில்லை என்று வெளிப்படையாகவே எழுதிவைத்தார். அவருக்கே தெரியாததை ஒருவர் அடித்துச் சொன்னால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

இந்த நான்கும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று கடைசியில் நீங்கள் முடிவுக்கு வரலாம். இரண்டாம் நூற்றாண்டுப் பேராயர் ஐரேனியு அப்படித்தான் சேர்த்துப் படித்தார். ஆனால் சேர்ப்பது கடைசி வேலை.

இரண்டாம் படி: தானியேல் 7, 8 இல்லாமல் வெளி. 13 கிடையாது

ஒருவர் இந்த ஒரு படியை மட்டும் ஒழுங்காகச் செய்தாலும் பாதி கிணறு தாண்டிவிட்டார் என்பேன்.

தானியேல் 7-ல் கடலிலிருந்து நான்கு மிருகங்கள் ஏறிவருகின்றன. கழுகின் செட்டைகளுள்ள சிங்கம். வாயில் மூன்று விலா எலும்புகளைக் கவ்விய கரடி. நான்கு தலையும் நான்கு செட்டையும் உள்ள சிவிங்கி (சிறுத்தை). கடைசியாக, பெயர் சொல்ல முடியாத ஒன்று: இருப்புப் பற்கள், பத்துக் கொம்புகள். இப்போது தலைகளை எண்ணுங்கள். சிங்கத்துக்கு ஒன்று, கரடிக்கு ஒன்று, சிவிங்கிக்கு நான்கு, கடைசி மிருகத்துக்கு ஒன்று. மொத்தம் ஏழு. கொம்புகள் பத்து.

அப்படியே வெளி. 13:1-2-க்கு வாருங்கள். கடலிலிருந்து ஒரே மிருகம் எழும்புகிறது. ஏழு தலை, பத்துக் கொம்பு. உடல் சிவிங்கி, கால் கரடி, வாய் சிங்கம். தானியேலில் சிங்கம், கரடி, சிவிங்கி என்று வந்த வரிசையை யோவான் பின்னாலிருந்து முன்னாகச் சொல்கிறார். தானியேல் பாபிலோனிலிருந்து எதிர்காலத்தைப் பார்த்தார். யோவான் பத்மு தீவில் நின்று பின்னால் திரும்பிப் பார்க்கிறார். நான்கு பேரரசுகளின் கொடுமையெல்லாம் சேர்ந்து ஓருருவாகத் தன் காலத்தில் நிற்பதை அவர் காண்கிறார். இதைக் கண்டுபிடிக்க எந்தச் செய்தித்தாளும் வேண்டியதில்லை.

இந்த மிருகங்கள் என்னவென்று தானியேலே தேவதூதனிடம் கேட்கிறார். "பூமியிலிருந்து எழும்பும் நாலு ராஜாக்கள்" என்று பதில் வருகிறது (7:17). 8-ம் அதிகாரத்தில் தூதன் பெயரையே சொல்லிவிடுகிறான்: ஆட்டுக்கடா மேதியா பெர்சியா, வெள்ளாட்டுக்கடா கிரேக்கு தேசம். வேதம் தானே விளக்கம் கொடுத்திருக்கிற இடத்தில் நாம் புது விளக்கம் கண்டுபிடிக்கக் கூடாது. இதை விதியாகவே எழுதிக்கொள்ளுங்கள். இதேபோல விளக்கம் தரப்பட்ட இடங்கள் வெளிப்படுத்தின விசேஷத்திலும் உண்டு: ஏழு குத்துவிளக்குகள் ஏழு சபைகள் (1:20), வலுசர்ப்பம் பிசாசு (12:9), ஏழு தலைகள் ஏழு மலைகள், ஏழு ராஜாக்கள் (17:9-10). இந்த ஆணிகளை முதலில் அடித்துக்கொண்டால் மற்றது ஆடாது.

வெள்ளாட்டுக்கடாவின் பெரிய கொம்பு முறிந்து அந்த இடத்தில் நான்கு கொம்புகள் முளைத்தன என்கிறது தானியேல் 8. அலெக்சாண்டர் கி.மு. 323-ல் இறந்தார், அவருடைய தளபதிகள் ராஜ்யத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அந்தக் கிளை ஒன்றிலிருந்து வந்தவன்தான் தானியேல் 8-ன் சின்னக் கொம்பு, நான்காம் அந்தியோக்கு எப்பிபானு என்ற ராஜா. கி.மு. 167-ல் எருசலேம் ஆலயத்தின் பலிபீடத்தின்மேல் அந்நிய பீடத்தைக் கட்டி, ஓய்வுநாளைத் தடை செய்து, பிள்ளைகளுக்கு விருத்தசேதனம் செய்வித்த தாய்மாரைக் கொன்றான். இந்தக் கதை சீர்திருத்த சபைகளின் பைபிளில் இல்லை. பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கரிடம் திருவிவிலியத்தைக் கேட்டு வாங்கி மக்கபேயர் முதல் நூலின் முதல் அதிகாரத்தை வாசியுங்கள். புதுச்சேரியிலும் கடலூரிலும் அந்த வீட்டுக்காக யாரும் தூரம் போக வேண்டியதில்லை. வாசித்த பிறகு மத்தேயு 24:15-ல் இயேசு ‘பாழாக்குகிற அருவருப்பு’ என்று சொன்னபோது கேட்டவர்களுக்கு ஏன் உடம்பு நடுங்கியிருக்கும் என்று புரியும். அவர்களுக்கு அது பாட்டன் காலத்து ரணம்.

தானியேலின் நான்காம் மிருகம் எது என்பதில் இரண்டு பாதைகள் உண்டு. பழைய சபை மரபு ரோமை என்றது. இன்றைய வேத ஆராய்ச்சியாளர் பலர் கிரேக்கம் என்பார்கள். இரண்டையும் பத்தியில் எழுதிக்கொண்டு மேலே போகலாம்.

போவதற்கு முன் 7:13-ஐ மட்டும் அடிக்கோடு இடுங்கள். அரசுகளெல்லாம் மிருக உருவத்தில் வருகின்றன. தேவனுடைய ராஜ்யத்தைப் பெறுகிறவரோ ‘மனுஷகுமாரனுடைய சாயலான ஒருவர்’. மனிதனைத் தின்கிற ஆட்சி ஒரு பக்கம், மனித முகமுள்ள ஆட்சி மறுபக்கம். மிருகம் என்ற உருவகத்தின் உயிரே இந்த எதிர்நிலையில்தான் இருக்கிறது. அதைப் பிடிக்காமல் கொம்பை எண்ணிப் பிரயோஜனமில்லை.

மூன்றாம் படி: அந்த ஏழு சபைகளின் தெருவில் நின்று பாருங்கள்

வெளிப்படுத்தின விசேஷம் முதலில் இன்றைய துருக்கியில் இருந்த எபேசு, சிமிர்னா, பெர்கமு முதலான ஏழு ஊர்க்காரர்களுக்கு எழுதப்பட்டது. அவர்களுக்கு எதுவுமே புரியாத ஒரு கடிதத்தை யோவான் அனுப்பியிருக்க மாட்டார்.

அவர்கள் கண்ணுக்கு முன்னால் என்ன இருந்தது? பெர்கமுவில் கி.மு. 29-லிருந்தே அகுஸ்து ராயனுக்குக் கோயில். எபேசுவில் பேரரசன் தொமித்தியான் காலத்தில் அவன் குடும்பத்துக்கே கோயில். கி.பி. 112 வாக்கில் அதே நிலப்பகுதியின் வடக்கே ஆளுநராக இருந்த பிளினி, கிறிஸ்தவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர்களைப் பேரரசன் சிலைக்கு முன் சாம்பிராணியும் திராட்சரசமும் படைக்க வைத்துச் சோதித்ததாகத் தன் கடிதத்தில் எழுதியிருக்கிறார். படைத்து, கிறிஸ்துவைச் சபித்தால் விடுதலை. பிடிவாதமாக மறுத்தால் மரணம். மிருகத்தின் சொரூபத்தை வணங்காதவர்கள் கொல்லப்படுவார்கள் என்ற 13:15 அந்த ஊர்க்காரர்களுக்குப் புதிர் இல்லை.

அடுத்து ரோமப் பேரரசன் நீரோ. கி.பி. 64-ல் ரோம் எரிந்தபோது பழியைக் கிறிஸ்தவர்கள்மேல் போட்டான். சிலரை இரவில் விளக்காக எரித்தார்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் தாசித்துவே பதிவு செய்கிறார். 68-ல் நீரோ தற்கொலை செய்துகொண்டான். ஆனால் அவன் சாகவில்லை, கிழக்கேயிருந்து படையோடு திரும்பி வருவான் என்ற பேச்சு பல வருஷம் ஓடியது. நான்தான் நீரோ என்று வேஷம் போட்டவர்களும் வந்தார்கள். ‘சாவுக்கேதுவாய்க் காயப்பட்டு’ சொஸ்தமான தலை (13:3), ‘இருந்ததும் இராமற்போனதும் இனி இருப்பதும்’ ஆன மிருகம் (17:8) என்ற வரிகளை இந்தப் பின்னணியில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

இந்த ரோமை தூரத்து ஊர் என்று நாம் நினைத்துவிடக் கூடாது. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் பழைய துறைமுகமான அரிக்கமேடு இருக்கிறது. 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலியில் செய்த சிவப்புப் பளபளப்புப் பானை ஓடுகளும் திராட்சரசச் சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. அங்கே கிடைத்த பொருள்களைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். இப்போது வெளி. 18:12-13-ஐ எடுங்கள். மகா பாபிலோன் விழும்போது வியாபாரிகள் எந்தச் சரக்குக்காக அழுகிறார்கள்? பொன், வெள்ளி, இரத்தினம், முத்து, தந்தம், வாசனைப் பொருள்கள் என்று நீள்கிறது பட்டியல். இரத்தினமும் முத்தும் தந்தமும் நம் கரையிலிருந்து அந்தச் சந்தைக்குப் போன சரக்குகள். பட்டியலின் கடைசியில், குதிரைகளுக்கும் இரதங்களுக்கும் பிறகு, அடிமைகளும் ‘மனுஷருடைய ஆத்துமாக்களும்’ வருகிறது. மனித உயிரைச் சரக்கோடு சரக்காக, அதுவும் கடைசி வரியில் எழுதுகிற கணக்குப் புத்தகத்தைத்தான் யோவான் பாபிலோன் என்கிறார். அரிக்கமேட்டுக்கு ஒரு மாலை நடந்து போய், அந்த மண்மேட்டில் உட்கார்ந்து இந்த அதிகாரத்தைச் சத்தமாக வாசிக்கும்படி என் வாலிபர்களுக்கு நான் சொல்வதுண்டு.

தமிழ்நாட்டில் புதையல் புதையலாகக் கிடைத்த ரோமக் காசுகளில் அகுஸ்து, திபேரியு முகங்கள் உண்டு. திபேரியுவின் வெள்ளிக்காசில் அவன் ‘தெய்வீக அகுஸ்துவின் மகன்’ என்று பொறித்திருக்கும். கொள்ளவும் விற்கவும் அந்த முகத்தைக் கையில் எடுத்தே ஆக வேண்டும். மிருகத்தின் முத்திரை இல்லாதவன் கொள்ளவும் விற்கவும் கூடாது என்கிற 13:17-ஐப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

நான்காம் படி: 666-ஐக் கணக்குப் பாருங்கள், ஆனால் விளையாடாதீர்கள்

"புத்தியுடையவன் கணக்குப்பார்க்கக்கடவன், அது மனுஷனுடைய இலக்கமாயிருக்கிறது" என்று யோவானே அழைக்கிறார். எழுத்தையே எண்ணாக எழுதிய காலம் அது. தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஔவையார் பாடியதாகச் சொல்லும் தனிப்பாடலில் ‘எட்டேகால் லட்சணமே’ என்று ஒருவனைத் திட்டுவார். தமிழில் ‘அ’ எட்டு, ‘வ’ கால். சேர்த்தால் அவலட்சணம். எண் தெரிந்தவனுக்குச் சுருக்கென்று தைக்கும், தெரியாதவன் விழிப்பான். ஆபத்தான காலத்தில் அரசன் பெயரை வெளிப்படையாக எழுத முடியாதவர்களும் இப்படித்தான் எழுதினார்கள்.

‘நீரோன் கேசர்’ என்பதை எபிரெய எழுத்தில் எழுதிப் பார்ப்போம். நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, நூன் 50. கூட்டினால் 306. கோஃப் 100, சாமேக் 60, ரேஷ் 200. கூட்டினால் 360. இரண்டும் சேர்ந்து 666. சில பழைய பிரதிகளில் இந்த எண் 616 என்று இருக்கிறது. நீரோன் என்பதன் கடைசி நூனை விட்டு, லத்தீன் வழக்கப்படி ‘நீரோ’ என்று எழுதினால் 50 குறைந்து சரியாக 616 வருகிறது. இரண்டு எண்ணுக்கும் ஒரே பெயர் பொருந்துவதால்தான் இன்றைய ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் நீரோவைச் சொல்கிறார்கள். எனக்கும் அதுவே வலுவாகப் படுகிறது.

ஆனாலும் ஒரு எச்சரிக்கை. யோவானுக்கு நூறு வருஷத்துக்குள் எழுதிய ஐரேனியு இந்த நீரோ கணக்கைச் சொல்லவே இல்லை. யூவாந்தாஸ், லாத்தேனோஸ், தைத்தான் என்று மூன்று பெயர்களைப் பரிசீலித்துவிட்டு, எதையும் உறுதியாக அறிவிக்கக் கூடாது என்று நிறுத்திக்கொண்டார். அறிவிக்க வேண்டியிருந்தால் தரிசனம் கண்டவரே அறிவித்திருப்பார் என்பது அவர் நியாயம். யோவானின் சீஷர் பொலிக்கார்ப்பைச் சிறுவயதில் நேரில் கண்டவருக்கு இருந்த அடக்கம் நமக்கும் வேண்டும்.

ஏனென்றால் எண்ணை எப்படியும் வளைக்கலாம். ஆங்கில எழுத்தில் ஏ-க்கு 100, பி-க்கு 101, சி-க்கு 102 என்று வைத்துக்கொண்டு ‘ஹிட்லர்’ என்ற பெயரைக் கூட்டுங்கள்: 107, 108, 119, 111, 104, 117. மொத்தம் 666. ஏன் ஒன்றிலிருந்து தொடங்காமல் 100-லிருந்து தொடங்கினார்கள்? விடை முன்பே தெரிந்ததால்தான். யாராவது புதுப் பெயரோடு கணக்குப் போட்டுக் காட்டினால், எந்த மொழி எழுத்து, எந்த எண்வரிசை, அந்த எண்வரிசை யோவானுக்குத் தெரியுமா என்று கேளுங்கள்.

ஐந்தாம் படி: போலி எதன் போலி என்று பாருங்கள்

நோட்டில் இடது பக்கம் ஆட்டுக்குட்டியானவர், வலது பக்கம் மிருகம் என்று எழுதுங்கள்.

ஆட்டுக்குட்டி ‘அடிக்கப்பட்ட வண்ணமாய்’ நிற்கிறது (5:6). மிருகத்தின் தலை சாவுக்கேதுவாய்க் காயப்பட்டிருக்கிறது. தேவன் ‘இருக்கிறவரும் இருந்தவரும் வருகிறவரும்’; மிருகம் ‘இருந்ததும் இராமற்போனதும்’. செங்கடலைக் கடந்த ஜனம் "உமக்கு ஒப்பானவர் யார்?" என்று கர்த்தரைப் பாடியது (யாத். 15:11); மிருகத்தை வணங்குகிறவர்கள் "மிருகத்திற்கு ஒப்பானவன் யார்?" என்று அதே பாட்டைத் திருப்பிப் பாடுகிறார்கள். பூமியிலிருந்து வரும் இரண்டாம் மிருகத்துக்கு ஆட்டுக்குட்டியின் கொம்பு, வலுசர்ப்பத்தின் பேச்சு. இந்த இரண்டாம் மிருகத்தையே பின்னால் கள்ளத்தீர்க்கதரிசி என்கிறார் (16:13, 19:20). என் பார்வையில் சபைக்குக் கூடுதல் ஆபத்து இதுதான். முதல் மிருகத்தைத் தூரத்திலிருந்தே தெரியும். இது ஆட்டுக்குட்டி உடையில் மேடை ஏறும், அற்புதம் செய்யும், அதிகாரத்துக்குப் பக்தி தேடிக் கொடுக்கும்.

முத்திரையும் இப்படித்தான். 13-ம் அதிகாரம் மிருகத்தின் முத்திரையோடு முடிகிறது. அடுத்த வசனத்திலேயே, 14:1-ல், ஆட்டுக்குட்டியானவரோடு நிற்கிறவர்களின் நெற்றியில் பிதாவின் நாமம் எழுதியிருக்கிறது. அதிகாரப் பிரிவு பிற்காலத்தில் போட்டது. யோவான் இரண்டையும் சேர்த்தே எழுதினார். இரண்டுக்கும் வேர் உபாகமம் 6:8: தேவனுடைய வார்த்தைகளைக் கையில் அடையாளமாகக் கட்டு, கண்களின் நடுவே வை. எசேக்கியேல் 9:4-லும் தேசத்தின் அருவருப்புகளுக்காகப் பெருமூச்சு விடுகிறவர்களின் நெற்றியில் அடையாளம். நெற்றி என்றால் யாரை நினைக்கிறாய், கை என்றால் யாருக்காக வேலை செய்கிறாய். பிதாவின் நாமத்தைக் கண்ணுக்குத் தெரியும் பச்சை குத்தல் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அப்படியானால் மறுபக்கத்தையும் அதே அளவுகோலில் படிப்பதுதான் நேர்மை.

கடலூர் முதுநகரில் ஒரு வீட்டுக் கூட்டம் முடிந்ததும் வயதான ஒரு அம்மா ஓரமாக நின்று கேட்டார்: "தம்பி, ரேஷன் கடை மெஷின்ல கட்டைவிரல் வைக்கிறோமே, அது அந்த முத்திரைதானா? வலதுகைன்னுதானே போட்டிருக்கு?" அந்த மாதம் அவர் அரிசி வாங்கப் போகவில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை மழுங்கிய விரலை இன்னொரு கையால் மூடிக்கொண்டே கேட்டார்.

நான் அவரிடம் 14:9-ஐ வாசிக்கச் சொன்னேன். மிருகத்தையும் அதன் சொரூபத்தையும் வணங்கி முத்திரையைத் தரித்துக்கொள்ளுகிறவன் என்றுதான் அங்கே இருக்கிறது. "வணங்கி" என்ற இடத்தில் அவர் விரலை வைத்து நிறுத்தினேன். "அந்த மெஷின் உங்களை யாரைக் கும்பிடச் சொன்னது, அம்மா? இயேசுவை மறுதலிக்கச் சொன்னதா?" "இல்லையே தம்பி." "அப்போ போய் அரிசி வாங்குங்க." அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபோது, பயத்தை ஊரெங்கும் விற்றவர்கள்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

ஆதார் எண், கியூஆர் கோடு, தடுப்பூசி எல்லாவற்றுக்கும் இந்தச் சோதனை ஒன்றே. ஆள் அறியாமல் முத்திரை விழுந்துவிடும் என்ற போதனைக்கு வெளிப்படுத்தின விசேஷத்தில் இடமில்லை. தனிமனித விவரம் யார் கையில் போகிறது என்பது குடிமகனாக நாம் கேட்க வேண்டிய கேள்வி, கட்டாயம் கேளுங்கள்; அதைத் தீர்க்கதரிசனமாக்க வேண்டாம். அதேநேரம் முத்திரைக்கு இன்றைக்கு அர்த்தமே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். வேலையும் வியாபாரமும் வேண்டுமானால் மனசாட்சியை வெளியே கழற்றிவைத்துவிட்டு வா என்று ஒரு அதிகாரம் கேட்கிற இடத்தில், அந்த வசனம் உயிரோடு எழுந்து நிற்கிறது.

ஆறாம் படி: கால அளவுகள்

42 மாதம், 1260 நாள், ‘ஒரு காலமும் காலங்களும் அரைக்காலமும்’ எல்லாம் ஒன்றே: மூன்றரை வருஷம். ஏழில் பாதி. அந்தியோக்கின் கொடுமை நீடித்த காலத்தோடு ஏறக்குறைய பொருந்தும் அளவு இது. துன்பத்துக்கு எல்லை குறிக்கப்பட்டிருக்கிறது, அது முழுமை அடையாது என்பதே இதன் ஆறுதல். ஏழு வருஷ உபத்திரவம் என்று நாம் கேட்பது வெளிப்படுத்தின விசேஷத்தில் அந்தச் சொற்களில் இல்லை. தானியேல் 9:27-ன் கடைசி வாரத்திலிருந்து எடுத்துச் சேர்த்தது. தெரிந்துகொண்டு பேசினால் போதும்.

ஏழாம் படி: நீங்கள் கேட்ட பிரசங்கம் எந்தப் பள்ளியைச் சேர்ந்தது?

முதல் நூற்றாண்டு ரோமைப் பற்றியே பெரும்பகுதி என்று படிப்பவர்கள் உண்டு. சபையின் வரலாறு முழுக்க வரிசையாக நிறைவேறி வருகிறது என்று படிப்பவர்கள் உண்டு. பெரும்பகுதி இனிமேல்தான் என்பவர்கள் உண்டு. எல்லாக் காலத்துக்கும் பொதுவான போராட்டத்தின் சித்திரம் என்பவர்கள் உண்டு. நம் ஊர் ஜெபக்கூடங்களில் சுவரில் தொங்குகிற நீளமான கால அட்டவணை மூன்றாவது வகை. அது 19-ம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்பவர் வடிவமைத்து, 1909-ல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு குறிப்புரை வேதாகமத்தால் உலகெங்கும் பரவியது. அந்த அட்டவணை அப்போஸ்தலர் காலத்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிற நல்ல விசுவாசிகளை நான் அறிவேன்.

இரண்டாவது வகையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அது என் சபையின் கதை. 1522 செப்டம்பரில் லுத்தரின் ஜெர்மன் புதிய ஏற்பாடு வெளிவந்தபோது, அதில் ஓவியர் கிரானாக் பட்டறையின் படங்களில் வெளி. 17-ன் பாபிலோனிய ஸ்திரீக்குப் போப்பின் மூன்றடுக்கு முடியை வைத்திருந்தார்கள். எதிர்ப்பு வந்து, டிசம்பர் பதிப்பில் அந்த முடியைச் செதுக்கி எடுத்தார்கள். 1537-ன் ஸ்மால்கால்டு கட்டுரைகள் என்ற லுத்தரன் விசுவாச அறிக்கையில் போப்பே அந்திக்கிறிஸ்து என்று லுத்தர் எழுதினார். அந்தக் காலத்து இரத்தக் கொதிப்பில் பிறந்த வார்த்தை அது. இந்த வகைப் படிப்பில்தான் 1260 நாளை 1260 வருஷமாக்கி, கி.பி. 538-லிருந்து கணக்கிட்டு, பிரெஞ்சுப் படை போப் ஆறாம் பயஸைச் சிறைபிடித்த 1798-ல் முடித்தார்கள். 1844 அக்டோபர் 22-ல் கிறிஸ்து வருவார் என்று அமெரிக்கப் பிரசங்கி வில்லியம் மில்லரின் ஆட்கள் காத்திருந்ததும் இதே நாளுக்கு வருஷம் என்ற கணக்கால்தான். அப்படி மோதிக்கொண்ட இரு தரப்பும் பிறகு நெருங்கி வந்தன: 1999 அக்டோபர் 31-ல் ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன.

ஆனால் நம் பேருந்து நிலையங்களில் இன்னும் போப்புக்குக் கொம்பு வரைந்த துண்டுப் பிரசுரம் கைக்குக் கை போகிறது. புதுச்சேரியின் கத்தோலிக்கப் பேராலயமான சம்பா கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற பெண் மஞ்சக்குப்பம் லுத்தரன் வீட்டுக்கு மருமகளாக வருகிற ஊர் இது. அந்தப் பெண்ணின் தாயார் பேரப்பிள்ளையைப் பார்க்க வருகிறபோது மேஜைமேல் அந்தப் பிரசுரம் கிடந்தால் எப்படியிருக்கும்? மிருகத்தின் குணமே ஜனங்களைப் பிளந்து ஆளுவது. அதைப் பற்றிய படிப்பே பிளவை உண்டாக்கினால், படிப்பில் எங்கோ கோளாறு இருக்கிறது.

நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்டால்: ரோமும் நீரோவும் முதல் அர்த்தம், அந்த உருவம் எந்தக் காலத்திலும் மறுபடி எழும்பலாம், கடைசியில் முழு உருவில் எழும்பும் என்று பவுல் சொல்வதையும் நான் விசுவாசிக்கிறேன். நீங்கள் வேறு இடத்தில் நிற்கலாம்.

எட்டாம் படி: வாட்ஸ்அப்பில் வந்ததைச் சோதிப்பது

கையில் பைபிளோடு கேட்டுப் பாருங்கள். அதில் தேதி சொல்லியிருக்கிறதா? மத்தேயு 24:36-க்கு மேல் யாருக்கும் அதிகாரமில்லை, அங்கேயே நிறுத்துங்கள். பாதி வசனம் மட்டும் காட்டுகிறார்களா? முழுப் பத்தியையும் சத்தமாக வாசியுங்கள். பாதி வாதம் அதிலேயே விழுந்துவிடும். ஒரு முழு சமுதாயத்தையே, யூதரையோ முஸ்லிம்களையோ கத்தோலிக்கரையோ, மிருகம் என்கிறார்களா? யோவானின் மிருகம் அதிகாரமும் அதற்குக் கிடைக்கும் வணக்கமும்தான். பக்கத்துத் தெரு ஜனங்கள் இல்லை. கேட்டு முடிந்ததும் உங்களுக்குள் மிஞ்சுவது பயமும் வெறுப்புமா, பொறுமையும் விசுவாசமுமா? 13:10-ல் யோவான் எதிர்பார்க்கிற பலன் பின்னது.

கூட்டமாகப் படிக்கிறவர்களுக்கு

ஐந்து மாலைகள் வைத்துக்கொண்டால் வசதியாக இருக்கும். முதல் மாலை தானியேல் 7, 8, கூடவே மக்கபேயர். இரண்டாம் மாலை யோவானின் நிருபங்களும் 2 தெசலோனிக்கேயர் 2-ம். மூன்றாம் மாலை வெளி. 1 முதல் 5 வரை. சிங்காசனத்தையும் ஆட்டுக்குட்டியையும் பார்க்காதவருக்கு மிருகம் அளவுக்கு மீறிப் பெரிதாகத் தெரியும். நான்காம் மாலை 12 முதல் 14 வரை ஒரே மூச்சில். ஐந்தாம் மாலை 17, 18, 19, பிறகு 21-ம் 22-ம்.

சபை ஐயரையோ ஃபாதரையோ பாஸ்டரையோ ஒரு மாலைக்காவது அழையுங்கள். மூன்று பேருமே வந்தால் இன்னும் நல்லது. மிருகத்தின் படங்களைத் திரையில் போடாதீர்கள், சிறுபிள்ளைகள் இருக்கிற வீட்டில் கண்டிப்பாகப் போடாதீர்கள். நான்காம் மாலை எவ்வளவு நேரமானாலும் 13:18-ல் நிறுத்திவிட்டு ஜனங்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். 14:5 வரை வாசித்துவிட்டு ஜெபித்து முடியுங்கள். கேள்விகளைத் துண்டுக் காகிதத்தில், பெயர் போடாமல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூச்சப்பட்டு ஓரமாக நிற்கிறவர்களின் கேள்வி அப்போதுதான் வரும்.